மேலே போன டீ

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அவள் முதுகைக் கதவுப் பக்கம் காட்டி நின்றுகொண்டு, சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு அந்தக் குட்டி டப்பியை எடுத்தாள். சலவைத்தூள் இருக்கும் பக்கம் அவள் புருஷன் கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். டப்பியின் தலையை அமுக்கினால் ஒரு மாத்திரை விழும். மிளகைவிடச் சின்னது. ஆனால் காலி பிளாஸ்க்குக்குள் விழும்போது ஊரையே கூப்பிடுகிற மாதிரி டக்கென்று கேட்கும். ஒவ்வொரு மாத்திரைக்கும் அவள் ஒருமுறை இருமிக்கொண்டாள். பிறகு கொதிக்கிற டீயை வடிகட்டி ஊற்றி, மூடியில் கொஞ்சம் சரித்து ருசி பார்த்தாள். இனிப்பு சரியாக இருந்தது. தொண்டையில் இறங்கிய பிறகு மட்டும் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கசப்பு தங்கியது. அதை மறைக்கத்தான் இப்போதெல்லாம் டீத்தூளைத் தூக்கலாகப் போடுகிறாள்.

முதல் நாள் அவன் கேட்கத்தான் செய்தான், "தூள மாத்திட்டியா?" என்று. "பழைய தூள் கடைக்கு வரலையாம்," என்று சட்டென்று சொல்லிவிட்டாள். இத்தனை சரளமாகத் தனக்குப் பொய் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அவனும் சரியென்று தலையாட்டிவிட்டான். இந்த நாலைந்து நாளாக அவளை உறுத்துவது பொய் சொன்னதுகூட இல்லை, அவன் அதை அவ்வளவு சுலபமாக நம்பியதுதான்.

தெருவில் அவனுக்குப் பெயர் கிரேன்காரர். பிரதான சாலையைத் தாண்டி எழும்பிக்கொண்டிருக்கும் பெரிய கட்டடத்தின் நடுவே ஒரு மஞ்சள் கிரேன் நிற்கிறது. அதன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டையும் சிமெண்ட் தொட்டியையும் தூக்கிச் சொன்ன இடத்தில் நோகாமல் இறக்கி வைப்பது அவன் வேலை. காலையில் ஏணியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். ஏறி இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்பதால் நடுவில் அவனை யாரும் கீழே கூப்பிடுவதில்லை. மேலே அவனுக்குத் துணை ஒரு வாக்கிடாக்கியும் இந்த பிளாஸ்க்கும்தான். "ஏறிட்டா பொண்டாட்டி, மச்சான், முதலாளி எல்லாரும் கீழ. டீ மட்டும்தான் என்கூட மேல வருது," என்பான். பெண்டாட்டியைவிட டீயை ஒரு படி மேலே வைத்துப் பேசுகிறானே என்று ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம்கூட வந்ததுண்டு.

பயம் வந்தது பின்னால்தான். ஒரு விடுமுறை நாளில் சாப்பிட்ட கை தட்டிலேயே காய்ந்துகொண்டிருக்க உட்கார்ந்திருந்தவன், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மேல இருக்கும்போது கண்ணு செருகுது."

"ராத்திரி சரியா தூங்கலையா?"

"அதெல்லாம் தூங்குறேன். காலையில ஏறினதும் நல்லாத்தான் இருக்கு. வேலை பறக்குது. கொஞ்ச நேரத்துல யாரோ பிளக்கைப் புடுங்கின மாதிரி ஆயிடுது. கண்ணு திறந்துதான் இருக்கு, ஆனா பார்க்கல. நேத்து கொக்கி விசில் தலைக்கு மேல போயிடுச்சு. அவன் கத்தினதாலதான் நிறுத்தினேன்."

விசில் என்பது கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன். வாக்கிடாக்கி வருவதற்கு முன்னால் விசில் ஊதியே வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். தினமும் காலையில் தன் பைக்கில் அவனை ஏற்றிக்கொண்டு போகிறவனும் அவன்தான். அவளை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவான். அந்தத் தலைக்கு மேலேதான் கொக்கி போயிருக்கிறது. 

கையோடு இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்பது. அவன் ஏதோ சாதனையைச் சொல்வது போலச் சொன்னான். நாலு துண்டு வெள்ளை ரொட்டி, இரண்டு பக்கமும் ஜாம், ஒரு பெரிய டம்ளர் டீ, மேலே போய் இன்னொரு பிளாஸ்க் டீ. டீயில் சர்க்கரை உண்டா என்றதற்கு, "போடுவாங்க," என்றான், என்னவோ பக்கத்து வீட்டில் போடுகிற மாதிரி.

"வெறும் வயித்துல இதெல்லாம் போனா சர்க்கரை குபுகுபுன்னு ரத்தத்துல ஏறும்," என்றார் டாக்டரம்மா. "உங்க உடம்பால அதைச் சமாளிக்க முடியல. ஏறினாலும் அசத்தும், ஏறின வேகத்துல இறங்கினாலும் அசத்தும். முட்டை, பயறு, தவிடு எடுக்காத மாவுல செஞ்ச ரொட்டின்னு மெதுவா செரிக்கிறதா சாப்பிடுங்க. மத்தியானம் வரைக்கும் தாங்கும். மாத்திரை காலையில சாப்பாட்டோட ஒண்ணு. சாப்பிடாம போடவே கூடாது. என்ன வேலை பார்க்குறீங்க?"

"கம்பெனியில," என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் அவன் அவள் காலை மிதித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குப் பேசியிருக்கலாம் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் காரணம் சொன்னான். மாதக் கடைசியில் கம்பெனியில் எல்லா கிரேன்காரர்களுக்கும் உடல் பரிசோதனை. சர்க்கரை என்று எழுதிவிட்டால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். "இறக்கிட்டா கீழ எனக்கு என்ன தெரியும்? எனக்கு ரோட்டுல ஒழுங்கா நடக்கக்கூடத் தெரியாது," என்று சிரித்தான். சிரித்தது வாய் மட்டும்தான்.

வீட்டில் காலைச் சாப்பாட்டுப் பேச்சுவார்த்தை தனியாக நடந்தது. ரொட்டி நாலிலிருந்து இரண்டாக இறங்கியது, வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறியது. ஜாம் பாட்டில் வீட்டைவிட்டு வெளியேறியது. வேகவைத்த முட்டை இரண்டும் ஒரு கிண்ணம் பயறும் உள்ளே வந்தன. முட்டையை அவன் ஏதோ முன்விரோதம் உள்ளவனைப் பார்ப்பது போல முறைப்பான், பிறகு சாப்பிட்டுவிடுவான். ஆனால் டீ விஷயத்தில் மட்டும் மசியவில்லை. "டீயில கை வச்சே, அப்புறம் நான் கிரேன்லயே குடித்தனம் பண்ணிடுவேன்," என்றான். கெஞ்சினாள், மிரட்டினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்துகூடப் பார்த்தாள். கடைசியில்தான் காதும் காதும் வைத்தாற்போல் இந்த டப்பியை வாங்கி வந்தாள். அவன் நல்லதுக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. டப்பி சலவைத்தூளுக்குப் பின்னால் போனது. அவன் வந்து உட்கார்ந்து, மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் ஹாரன் அலறியது.

"அண்ணே, சீக்கிரம்! கான்கிரீட் வண்டி முன்னாடியே வந்து நிக்குதாம். இன்ஜினியர் குதிக்கிறாரு!"

அவன் ஒரு முட்டையை வாயில் போட்டுக்கொண்டே எழுந்தான். ரொட்டியும் பயறும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவள் பிளாஸ்க்கைக் கையில் கொடுத்தாள். அவன் அதை வாங்கி, சூடு பார்ப்பது போல ஒருமுறை கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். தட்டை எடுக்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு திருப்திதான். இன்றைக்கு ரொட்டியே உள்ளே போகவில்லை, இன்றைக்காவது கண் செருகாது என்று நினைத்தாள்.

அவள் வேலை செய்வது ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கும் கடையில். அவளுடைய தையல் மிஷின் வாசலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது, அந்த இடத்தை அவளேதான் கேட்டு வாங்கினாள். வெளிச்சத்துக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எதிர்வரிசைக் கட்டடங்களுக்கு மேலே கிரேனின் மஞ்சள் கை தெரியும். ஒரு தையல் முடிந்து நூலை அறுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். கை திரும்பிக்கொண்டிருந்தால் அவன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பார்வை இல்லாமல் அடுத்த தையலுக்கு அவள் கால் மிதிக்காது.

அன்று காலை கை நன்றாகத்தான் சுழன்றுகொண்டிருந்தது. டீ குடிக்கும் இடைவேளையில் அவள் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனாள். டப்பியில் இனி சொற்பம்தான் இருக்கும். மருந்துக்கடைக்காரர் புதுசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கிரேன்காரர்கிட்டயே சொல்லி அனுப்பியிருக்கலாமே, நேத்துதான் வந்தாரு."

"எதுக்கு வந்தாரு?"

"மாத்திரைக்குத்தான். மாசத்துக்கு வாங்கினது பாதியிலேயே தீர்ந்துடுச்சுன்னாரு. டாக்டர் கூட்டிட்டாங்களாமே, காலையில ரெண்டா?"

அவள் அவரையே பார்த்தாள். "டாக்டர் கூட்டலையே," என்றாள்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கம்பெனிப் பரிசோதனை என்று யாரும் சொல்லாமலேயே அவளுக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ரத்தம் எடுக்கிற அன்றைக்குச் சர்க்கரை குறைவாகக் காட்ட வேண்டும் என்று அவன் பாட்டுக்கு இரண்டு இரண்டாக விழுங்கியிருக்கிறான். அவளிடம் சொன்னால் பயப்படுவாள் என்று சொல்லவில்லை. அவனிடம் சொன்னால் முரண்டு பிடிப்பான் என்று இவளும் சொல்லவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டாரு?" என்றார் அவர்.

"ஒரு முட்டை."

"ரொட்டி?"

"தொடல."

"இது யாருக்கு?" என்று மேஜைமேல் இருந்த டப்பியைக் காட்டினார். குரல் மாறிவிட்டது.

"அவரு டீக்கு. அவருக்குத் தெரியாது."

"ஐயோ, என்னம்மா இது!" அவர் அலமாரிப் பக்கம் பாய்ந்தார். "அவரு போடுற சர்க்கரை மாத்திரை சாப்பாடு வரும்னு நம்பி வேலை செய்யறது. சாப்பாடு வரலேன்னா இருக்குற சர்க்கரையையும் வழிச்சு எடுத்துடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், என்ன பேசுறோம்னு தெரியாது. உடனே சர்க்கரை உள்ள போகணும். டீயைக் குடிச்சா சரியாயிடும்னு நினைச்சுட்டு இருப்பாரு மனுஷன், ஆனா இந்த டப்பியில சர்க்கரையே கிடையாது, வெறும் இனிப்புதான்." குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றையும் குளிர்பான பாட்டில் ஒன்றையும் அவள் கையில் திணித்தார். "முழிச்சிருக்கும்போதே குடுத்துடணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, புரையேறிடும். ஓடுங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

அவள் வெளியே வந்து நிமிர்ந்தாள். கிரேனின் கை நின்றிருந்தது.

இடைவேளையாக இருக்கும் என்று நினைத்தாள். கான்கிரீட் வண்டிகள் வரிசையில் நிற்கிற நாளில் என்ன இடைவேளை என்றும் அவளேதான் நினைத்தாள். போன் போட்டுப் பிரயோஜனமில்லை, வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் வாசலில் இருக்கும் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். கைகாட்டி நிறுத்திய முதல் வாடகை வண்டியில் ஏறினாள். வண்டிக்காரன் எங்கே என்று கேட்டதற்கு வார்த்தை வராமல் வானத்தைக் காட்டினாள். அவன் விசித்திரமாகப் பார்த்துவிட்டு, கிரேனைப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.

வழியெல்லாம் கட்டடங்கள் கிரேனை மறைத்தன, காட்டின, மறுபடி மறைத்தன. ஒவ்வொரு முறை தெரியும்போதும் அது அதே திசையில் நின்றது. கடவுளே, ஒரு அடி திரும்பினால் போதும், ஒரே ஒரு அடி என்று அவள் மனதுக்குள் கதறினாள். கடைசித் திருப்பத்தில் அது அசைந்தது. ஒரு கணம் உயிர் வந்தது. ஆனால் இப்படி அவன் திருப்பி அவள் பார்த்ததே இல்லை. வெடுக்கென்று கொஞ்சம் போய், நின்று, வந்த வழியே திரும்பியது. எங்கே வைக்க வேண்டும் என்பதே மறந்துபோனவன் செய்கிற மாதிரி இருந்தது. கையின் நுனியில் நீளமான கம்பிக் கட்டு ஒன்று தொங்கிக்கொண்டு ஆடியது.

வாசல் காவலாளி வழக்கப்படி கையெழுத்து, தலைக்கவசம் என்று ஆரம்பித்தார். அவள் போட்ட சத்தத்தில் தன் தலைக்கவசத்தையே கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டு வழிவிட்டார். சேற்றில் ஓடினாள். விசில் கட்டடத்தின் ஓரத்தில் வாக்கிடாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணி! நீங்க எப்படி இங்க? அண்ணன் ஒரு மாதிரி பேசுறாரு அண்ணி. இடதுன்னா வலது திருப்புறாரு. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுறாரு. அண்ணன் என்னை ஒரு நாளும் அப்படித் திட்டினதே இல்ல."

மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தாள். விசில் ஒரு முறை மேலே பார்த்தான், ஒரு முறை கட்டடத்தின் மேல்தளத்தைப் பார்த்தான். அங்கே ஏழெட்டுப் பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பிக் கட்டு அவர்களுக்கு மேலே ஆடியது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிரேன்காரர் மேலே இருக்கும்போது எதற்கு நிமிர்ந்து பார்க்க வேண்டும்?

"நான் மேல ஏறுறேன்," என்று விசில் குளுக்கோஸையும் பாட்டிலையும் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். "நான் ஏறுற வரைக்கும் அண்ணன் கையை கிரேனைத் திருப்புற லிவர்ல வைக்காம பார்த்துக்கணும். தூங்கவும் விடக் கூடாது. உங்க குரலுக்குத்தான் கேப்பாரு. ஆனா அண்ணி..." வாக்கிடாக்கியை நீட்டியவன் ஒரு கணம் தயங்கினான். "இதுல பேசினா எல்லாருக்கும் கேக்கும். இன்ஜினியருக்கும். மாசக் கடைசியில மெடிக்கல் செக்கப் வருது."

இருபது வருஷத்துக்கும் மேலாக அவன் ஏறி இறங்கிய ஏணி. வேறு எதிலும் ஆசை வைக்காதவன். அவனைக் கூண்டிலிருந்து இறக்கப் போகிற வார்த்தையைத் தன் வாயாலேயே, ஊர் கேட்கச் சொல்ல வேண்டுமா? இதைவிட அவன் அவளை அடித்திருக்கலாம், வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கலாம். மேல்தளத்தில் குனிந்திருந்த ஒருவன் எதற்கோ சிரித்தான். சிரிப்பு கீழே வரை கேட்டது. அவள் வாக்கிடாக்கியை வாங்கினாள்.

"பட்டனை அமுக்கினா நீங்க பேசலாம். விட்டாத்தான் அவர் பேசுறது கேக்கும்," என்று கத்திக்கொண்டே விசில் ஏணியை நோக்கி ஓடினான்.

அமுக்கினாள். "என்னங்க. நான்தான்."

விட்டாள். காற்று இரைந்தது. பிறகு அவன் குரல், நாக்கு தடித்த மாதிரி. "யாரு?"

"நான்தாங்க."

"எந்த நான்? லைனை விட்டுப் போங்க. லோடு தொங்குது."

இத்தனை வருஷத்தில் நான்தான் என்று சொன்னால் எந்த நான் என்று அவன் கேட்டதில்லை. மறுபடி அமுக்கினாள்.

"உங்களுக்குச் சர்க்கரை இறங்கிப் போச்சுங்க. மாத்திரை ரெண்டு போட்டுட்டு ஒரு முட்டையோட போயிட்டீங்க. கையை லிவர்லேர்ந்து எடுங்க. விசில் மேல வந்துட்டிருக்கான். எதையும் தொடாதீங்க."

சொல்லிவிட்டாள். சுற்றிலும் இடுப்புகளிலும் தோள்களிலும் தொங்கிய வாக்கிடாக்கிகளில் அவள் குரலே அவளுக்குத் திரும்பக் கேட்டது. கான்கிரீட் வண்டியின் பக்கத்திலிருந்து வெள்ளைத் தலைக்கவசம் ஒன்று அவளைப் பார்த்து ஓடி வந்தது. இன்ஜினியர்.

"டீ குடிச்சேன்," என்றது குரல். இப்போது அதில் அதட்டல் இல்லை. முறையிடுகிற மாதிரி இருந்தது. "நடுங்குச்சு. போன வாரமும் நடுங்குச்சு, டீ குடிச்சேன், நின்னுடுச்சு. இன்னைக்கு முழுசும் குடிச்சிட்டேன். நிக்கல. ஏன் நிக்கல?"

அவள் பட்டனை அமுக்கினாள். இன்ஜினியர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த டீயில சர்க்கரை இல்லீங்க. நான்தான் எடுத்துட்டு வேற போட்டேன். உங்ககிட்ட சொல்லல. தப்புதான். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, கீழ வந்து திட்டுங்க. இப்போ கையை மட்டும் எடுங்க."

விட்டாள். காற்று. அதற்கு நடுவில் அவன் மூச்சு. "அப்போ," என்றான் மெதுவாக, "நான் எதைக் குடிச்சேன்?"

அவள் பேச்சை வெட்டிவிடக் கூடாது என்று இன்ஜினியர் தன்னுடைய வாக்கிடாக்கியைத் தொடவே இல்லை. இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்து, மேல்தளத்தைப் பார்த்து, எல்லோரும் உடனே விலகும்படி அடித்தொண்டையில் கத்தினார். கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் நிமிர்ந்தார்கள். போட்டது போட்டபடி ஓரத்துக்கு ஓடினார்கள். பிறகு அவர் அவளிடம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். "நிறுத்தாதீங்கம்மா, பேசிட்டே இருங்க," என்றார்.

"எடுத்தீங்களா? கையை எடுத்தீங்களான்னு கேக்குறேன்."

"எடுத்தேன்."

"மடியில வச்சுக்கோங்க."

"ம்."

"இன்னைக்கு ஒரு பெரிய திரை தைக்கிறேன். நீலம். உங்களுக்குப் பிடிக்காத நீலம். கேக்குதா?"

"ம்."

"எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா, சொல்லுங்க."

பதில் வர நேரமாயிற்று. ஏணிக்கூண்டுக்குள் விசில் ஏறிக்கொண்டிருந்தான். பாதிதான் தாண்டியிருந்தான். ஒரு முறை வழுக்கி, பிடித்துக்கொண்டு, மறுபடி ஏறினான். அவனுக்கும் தலை சுற்றிவிடக் கூடாதே என்று அவளுக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது.

"தூக்கம் வருது," என்றான்.

"வரக் கூடாது. தூங்கினீங்க, நான் மேல ஏறி வந்துடுவேன். எனக்கு உயரம்னா பயம்னு தெரியும்ல? ஏறி வந்து அங்கேயே விழுந்துடுவேன். அப்புறம் ரெண்டு பேரையும் இறக்கணும். பேசுங்க. எதையாவது பேசுங்க. என்னைத் திட்டுங்க."

விட்டாள். காற்று மட்டும் இரைந்தது. அமுக்கினாள், கூப்பிட்டாள், விட்டாள். காற்று. வேலைத்தளத்தில் ஒவ்வொரு இயந்திரமாக ஓய்ந்தது. கான்கிரீட் வண்டியின் உருளைகூட நின்றுபோயிற்று. எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கம்பிக் கட்டு ஆள் இல்லாத மேல்தளத்துக்கு மேலே தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பேசினால் அவன் பேசுவது கேட்காது. பேசாவிட்டால் அவன் தூங்கிவிடுவான். கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்து வைத்து எடுத்தாள். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற படித்த மனிதருக்கும் தெரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. விசிலின் தலை கூண்டின் அடியில் மறைந்தது. பிறகு தோள், பிறகு கால். ஏணியில் யாரும் இல்லை.

அவள் பட்டனை விட்டாள். வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காற்றுக்கு நடுவே ஏதோ உருளும் சத்தம். யாரோ பல்லால் பாக்கெட்டைக் கிழிக்கிற மாதிரி ஒன்று. ஒரு முனகல். ஒருவேளை அது கதவின் சத்தமாகவும் இருக்கலாம். இன்ஜினியர் அவள் முழங்கையைப் பிடித்து மேலே காட்டினார்.

மேகம் விலகிக் கண்ணாடி பளிச்சென்று கண்ணைக் கூச வைத்தது. அவள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். கூண்டுக்குள் ஒரு கை எழும்பி, விரல்கள் விரிய, உள்ளேயிருந்து கண்ணாடியில் பதிந்து அப்படியே நின்றது. யாருடைய கை என்று அவ்வளவு கீழேயிருந்து தெரியவில்லை.